ஓமண்ணை தேர்தலில் நின்ற கதை

மீன் பெட்டியின் மூடியைத் திறந்ததும் மண்டபம் முழுக்கச் சூடை மீன் மணம் பரவியது.

அதுதான் எங்கள் வாக்குப் பெட்டி. ஐஸ் போட்டு மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் மூடியில் கத்தியால் ஒரு கீறு கீறி, நாலு பக்கமும் பிளாஸ்டிக் ரேப் ஒட்டியிருந்தார்கள். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியதாகச் சங்கச் செயலாளர் நசீர் சத்தியம் பண்ணினார். பெட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை.

நசீர் முதல் தாளை எடுத்து விரித்தார். மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு வாசித்தார்.

"நடராசா மாஸ்டர்."

இரண்டாவது தாள். "நடராசா மாஸ்டர்."

மூன்றாவது. "நடராசா மாஸ்டர்."

முன்வரிசையில் மாஸ்டர் கால்மேல் கால் போட்டிருந்தார். நான் பின்சுவரோடு இருந்த கடைசிக் கதிரையில் இருந்தேன். கையில் ஒரு தேநீர்க் கோப்பை. அதில் தேநீர் முடிந்து அரை மணி நேரம். என் மனைவி தவமணி என் முழங்கையில் கிள்ளினாள்.

"எழும்பி ஓடலாம் எண்டு நினைக்காதேங்கோ. கதவுப் பக்கம் நான்தான் இருக்கிறன்."

போன வாரம் எங்கள் கல்யாணக் கதையை இந்தப் பக்கத்தில் எழுதியபின் அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் அவளைப் பற்றி நல்லதாகவே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், அன்று அவள் கதவுப் பக்கம் இருந்திருக்காவிட்டால் இந்தக் கதைக்கு முடிவே இருந்திராது.

பாட்டு நடுவர்

எங்கள் கரை நிலாவெளிக்கு வடக்கே இருக்கிறது. நேரே பார்த்தால் புறாமலைத் தீவு. கரைவலை இழுக்கிற கரை.

ஒரு வலை கடலில் கிடக்கும்போது அதே இடத்தில் இன்னொரு வலை போட ஏலாது. அதனால் முறை வைத்துப் போடுவோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு முதல் பாடு உங்களுக்கு, இரண்டாம் பாடு எங்களுக்கு, நாளைக்கு மாறும். இதில் எழுதி வைத்தது கொஞ்சம், வழக்கத்தில் இருப்பது மிச்சம். சண்டை வருவது அந்த மிச்சத்தில்தான்.

சண்டையை டவுனுக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் போட்டால் தவணைமேல் தவணை போகும். வழக்கு முடியும்போது மீன் சீசன் முடிந்துவிடும். ஆகவே கரையிலேயே ஒருவரை வைத்து வழக்குப் பேசுவது எங்கள் சங்கத்தின் ஏற்பாடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கத்தவர்கள் எல்லாரும் வாக்குப் போட்டு அவரைத் தெரிவு செய்வார்கள். தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரே பெட்டியில்தான் போடுவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். அவருக்குப் பெயர் பாட்டு நடுவர்.

இந்தப் பெயரால் பட்ட பாடு கொஞ்சமில்லை. நான் தேர்தலில் நிற்கிற செய்தி கனடாவில் இருக்கிற என் மைத்துனிக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே ஃபோன் எடுத்தாள்.

"அத்தான், பாட்டுப் போட்டிக்கு நீங்களோ நடுவர்? உங்கட மகளுக்குத் தாலாட்டே அக்காதானே பாடினவ!"

அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. "ஓம் ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதுதான் என் வியாதி.

என்னுடைய ஓம்

என் பெயர் யோகராசா. பத்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பு வராமல் இல்லை, வாய் வராமல். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இடாப்புக் கூப்பிடும்போது "இருக்கிறன் சேர்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வந்த நாளிலும் வராதவனாகப் பதிவாகியிருக்கிறேன்.

கரையில் நான் செய்த வேலையும் அப்படிப்பட்டதுதான். வலை ஏற்றிய வள்ளம் தண்ணீரில் நிற்கும். அதில் இருப்பவர்களுக்கு மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கரையில் மேட்டில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். நான் அந்த மேட்டில் நின்று துணி காட்டுவேன். துணி வலப்பக்கம் போனால் வள்ளம் வலப்பக்கம் போகும். கீழே இறங்கினால் வலையை விடுவார்கள். தலைக்கு மேலே சுற்றினால் திரும்பி வரவேண்டும். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய தொழில் எங்கள் கரையில் அது ஒன்றுதான். ஆகவே அதைப் பிடித்துக்கொண்டேன்.

மேட்டில் நிற்பதால் யார் எப்போது வள்ளம் இறக்கினார்கள், யாருடைய பாடு யாருக்குப் போனது என்பதெல்லாம் என் தலையில் தானாகவே நின்றுவிடும். "யோகண்ணை, போன கிழமை திங்கள் முதல் பாடு ஆரின்ர?" என்று கேட்டு வருவார்கள். சொல்லுவேன். அதுவும் கேட்டால்தான்.

மற்ற நேரமெல்லாம் ஓம்தான். ஒருவர் கதை சொன்னால் இடைக்கிடை "ஓம்" என்பேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சிலவேளை, உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்று அர்த்தம். இன்னும் சிலவேளை, தயவுசெய்து போய்விடுங்கள் என்று அர்த்தம். சம்மதம் என்ற அர்த்தத்தில் நான் ஓம் சொன்னது மிகவும் குறைவு. கரையில் எனக்கு "ஓமண்ணை" என்றே பெயர் விழுந்துவிட்டது.

சங்கக் கூட்டம் ஐஸ் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருந்தது. நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். புறாமலைக்கு இந்தப் பக்கம் பறவைகள் இறங்கி இறங்கி எழும்பின.

"நடராசா மாஸ்டருக்கு எதிரா ஒருத்தரும் நிக்கேல்லையோ?" என்று நசீர் கேட்டிருக்கிறார். "ஒருத்தர் மட்டும் நிண்டால் அதுக்குப் பேர் தேர்தலே? யோகண்ணைக்கு எல்லாப் பாடும் மனப்பாடம். அண்ணை, உங்கட பேரைப் போடட்டோ?"

பின்னால் யாரோ என்னைப் பார்த்து ஏதோ சொல்வது மட்டும் விளங்கியது.

"ஓம் ஓம்" என்றேன்.

வீட்டுக்குப் போனபோது தவமணி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் படலையில் நின்றாள்.

"குறூப்பில வந்திருக்கு. நீங்கள் எலெக்சன் கேக்கிறியளாம்."

"ஆர்?"

"நீங்கள்!"

"ஓம்" என்றேன், வழக்கம்போல. பிறகுதான் எனக்கே கேட்டது.

விலகவும் மைக் வேண்டும்

அடுத்த நாள் காலையிலேயே நசீரிடம் போனேன். பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

"எடுக்கலாம் அண்ணை, பிரச்சினை இல்லை" என்றார். "ஆனா சட்டம் ஒண்டிருக்கு. விலகிறவர் பொதுக்கூட்டத்தில எழும்பி, தான் ஏன் விலகிறன் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும்."

"மைக்கிலயோ?"

"மைக்கிலதான்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். தேர்தலில் நின்று தோற்பதற்கு மைக் தேவையில்லை. அதனால் நின்று தோற்பதுதான் சுகம் என்று முடிவெடுத்தேன்.

அப்படி நினைத்தவனை வேறு மாதிரி நினைக்க வைத்தவர் இபுறாகீம் காக்கா. காக்கா என்றால் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் நான் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். போக எனக்கு விருப்பமில்லாத இடம் அது.

சாட்சிக் கூண்டில்

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், எங்கள் கரையில் ஒரு வலைக் கயிறு வெட்டுப்பட்டது. கயிற்றுக்காரர் கரை வழக்கில் பேச விரும்பாமல் நேரே பொலிசுக்குப் போனார். இபுறாகீம் காக்கா மேல் வழக்கு. அவர் எங்களோடு முறை வைத்து வலை போடுகிறவர், நல்ல மனிதர். நான் அவருக்குச் சாட்சி.

நீதிமன்றத்துக்குப் போட்டுப் போகத் தவமணி எனக்கு ஒரு சேர்ட் ஸ்திரி போட்டுத் தந்தாள். கூண்டில் ஏறியபோது அது முதுகோடு ஒட்டிவிட்டது. மேலே மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"இவருடைய கையில் கத்தி இருந்தது."

"ஓம்" என்றேன். கடல் தொழில் செய்கிறவரின் கையில் கத்தி இருக்காதா?

"இவர் கயிறு கிடந்த பக்கம் போனார்."

"ஓம்." அவருடைய வள்ளமும் அந்தப் பக்கம்தான் நின்றது.

"இவர்தான் அந்தக் கயிற்றை வெட்டினார்."

"ஓம்..."

நீங்கள் சொல்வது கேட்கிறது, இனி நான் சொல்கிறேன் என்ற ஓம் அது. இல்லை ஐயா, நான் அதைக் காணவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் "அவ்வளவுதான்" என்று அவர் தன் கதிரையில் இருந்துவிட்டார். கீழே எழுதிக்கொண்டிருந்தவரும் எழுதி முடித்துவிட்டார். மறுபடி கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த நேரம் எனக்கு நாக்கு எழும்பவில்லை.

வேறு சாட்சிகளும் இருந்தார்கள். ஆனாலும் இபுறாகீம் காக்கா குற்றவாளி ஆனதற்குப் பாதிக் காரணம் என்னுடைய அந்த ஓம்.

தண்டப்பணத்தைக் கட்டிவிட்டு வந்து, வெளியே பஸ் நிலையத்தில் எனக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தவரும் அவர்தான். நான் அழுதுகொண்டு நின்றேன். அவர் சீனியைக் கலக்கிக்கொண்டு சொன்னார்:

"நீ பொய் சொல்லல்ல யோகன். நீ ஒண்டுமே சொல்லல்ல. அதுதான் பிரச்சினை."

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் நான் எதற்காவது ஓம் என்றால் மட்டும், "எந்த ஓம்?" என்று சிரித்துக்கொண்டு கேட்பார்.

என் பெயர் தேர்தலில் விழுந்த மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கக்கூட இல்லை.

"விலகப்போறியாம்?"

"காக்கா, எனக்குக் கதைக்க ஏலாது."

"கதைக்கிறதுக்கு மாஸ்டர் இரிக்கார். இந்தக் கரைக்குக் கேக்கிற ஆள்தான் இல்ல. ஒரு ஓம் என்ன செய்யும் எண்டு இஞ்ச உன்னைவிட ஆருக்குத் தெரியும்?"

அவர் போனபின் நான் கிணற்றடியில் நெடுநேரம் நின்றேன். தோற்பதற்காக நிற்கிறேன் என்று அதற்குப்பிறகு நினைக்கவில்லை. வெல்ல வேண்டும் என்று வந்துவிட்டது. என் வாழ்க்கையில் ஒன்றுக்கு இப்படி ஆசைப்பட்டது, தவமணியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பிறகு அதுதான். (இதை எழுதியதற்காவது அவள் சந்தோசப்பட வேண்டும்.)

நிறமில்லாத தேர்தல்

எங்கள் தேர்தலில் கட்சி கிடையாது. கட்சிக்காரர் வாக்குக் கேட்டு வரக்கூடாது. போஸ்டர் ஒட்டக்கூடாது. கட்சி நிறம்கூடக் கூடாது.

இந்த நிறச் சட்டம்தான் பெரிய கரைச்சல். நடராசா மாஸ்டர் முதல் நாள் பச்சைச் சேர்ட்டில் வந்தார். திருப்பி அனுப்பினார்கள். நீலத்தில் வந்தார். அதுவும் சரிவரவில்லை. மூன்றாம் தரம் மஞ்சளில் வந்து, "இதுவும் ஒரு கட்சியோ?" என்று கேட்டார். நசீர் யோசித்துவிட்டு, "இருக்கும் மாஸ்டர்" என்றார். கடைசியில் இருவரும் வெள்ளைதான்.

அடுத்து என்னிடம் வந்தார்கள். "அண்ணை, நீங்கள் மேட்டில நிண்டு காட்டிற துணி சிவப்பெல்லோ?"

இருபது வருடமாக அந்தச் சிவப்புத் துணிதான். வெள்ளையைக் காட்டினால் நுரைக்குள் தெரியாது. தவமணி தன்னுடைய பழைய பூப்போட்ட சேலையில் ஒரு துண்டைக் கிழித்துத் தந்தாள். பெரிய பெரிய ஊதாப் பூக்கள். வள்ளத்தில் இருந்தவர்கள் முதல் நாள் சிரித்த சிரிப்பில் வலை சிக்குப்பட்டது.

வேட்பாளர் பேசும் கூட்டமும் வந்தது. மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு, எனக்கே கைதட்டலாம்போல இருந்தது. முடிவில் என் பக்கம் திரும்பினார்.

"எங்கட ஓமண்ணை நல்ல மனிசன். அதில ஐமிச்சம் இல்லை. ஆனா வழக்குக்கு ரெண்டு பேர் வருவினம். இவருக்கும் ஓம், அவருக்கும் ஓம் எண்டால் தீர்ப்பை ஆர் சொல்லிறது? கடலோ?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தவமணிகூடச் சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக் விசிலடித்தது. "வணக்கம்" என்றேன். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. பயந்துபோய்த் திரும்பிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படலையைத் திறக்கும்போது தவமணி சொன்னாள்: "வணக்கம் நல்லாத்தான் இருந்தது."

வெள்ளிக்கிழமை

வாக்களிப்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கச்சான் காற்று அடித்து ஓய்ந்திருந்தது. மணல் காலைச் சுட்டது.

அன்று இரண்டாம் பாடு இபுறாகீம் காக்காவுடையது. மூன்றாம் பாடு எங்கள் சம்மாட்டியுடையது. சம்மாட்டி என்றால் வலைக்கும் வள்ளத்துக்கும் சொந்தக்காரர், எனக்கு வேலை தருகிறவர். முதல் வலை மதியத்துக்குச் சற்று முன் கரை ஏறிவிட்டது. ஒரு வலை ஏறி அரை மணி நேரத்துக்குள் அடுத்த வள்ளம் இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பாடு அடுத்தவருக்குப் போய்விடும். இது எழுதி வைத்த சட்டம்.

ஆனால் இபுறாகீம் காக்காவும் அவருடைய ஆட்களும் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த அரை மணி நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை. எங்கள் கோயில் தீர்த்தத்தன்று அவர்களும் எங்களுக்காக வள்ளத்தை இறக்காமல் நிற்பார்கள். இது எங்கும் எழுதி வைக்காதது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாரை மீன் கூட்டம் வந்தது.

மேட்டில் நின்று நான்தான் முதலில் கண்டேன். தண்ணீர் ஒரு வயல் அளவுக்குக் கறுத்து, அந்தக் கறுப்பு மெல்ல மெல்லக் கரைப்பக்கம் நகர்ந்தது. அந்த வருடம் அப்படி ஒரு கூட்டத்தை நாங்கள் காணவில்லை. எங்கள் வள்ளம் வலையோடு தண்ணீரில் நின்றது. வள்ளத்தை நடத்துகிற தண்டல் அதன் முன்பக்க அணியத்தில் நின்று என் கையையே பார்த்தான்.

சம்மாட்டி மணலில் ஓடி வந்தார்.

"யோகன், துணியைக் காட்டு! என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

நான் துணியைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"ஏலாது, சம்மாட்டி."

அவருக்கு விளங்கவில்லை. இருபது வருடத்தில் என் வாயில் அவர் கேட்டிராத சொல். "என்ன சொன்னனீ?"

"ஏலாது. பாடு இபுறாகீம் காக்கான்ர."

"அரை மணித்தியாலம் போயிட்டுது. பாடு விட்டவன் விட்டவன்தான்!"

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"மீனுக்கு வெள்ளி செவ்வாய் தெரியுமே? இஞ்ச பார், என்ர வலையில இருக்கிற அவ்வளவு பேரின்ர வாக்கும் உனக்குத்தான். நான் சொன்னாப் போடுவாங்கள். வேணுமோ, வேண்டாமோ?"

கரையில் நின்றவர்கள் எல்லாரும் கிட்ட வந்துவிட்டார்கள். கருவாடு போடுகிற பெண்கள், மீன் வாங்க வந்த லொறிக்காரர், நசீர், யாரோ சொல்லி ஓடிவந்த நடராசா மாஸ்டர். மைக் இல்லை, ஆனாலும் அதே கூட்டம்.

"வேணும்" என்றேன். "எனக்கு அந்த வாக்கு வேணும் சம்மாட்டி. ஆனா துணி காட்ட ஏலாது. தீர்த்தத்தண்டைக்கு நாங்கள் சாமியோட கடலுக்கு வந்து திரும்பிற வரைக்கும் அவையள் வள்ளத்தை இறக்காமல் நிண்டவை. அண்டைக்கும் மீன் வந்தது. நான் கண்டனான். இதே மேட்டில நிண்டுதான் கண்டனான்."

அவ்வளவு நீளமாக நான் பேசியது எனக்கே அதிசயம்.

சம்மாட்டி என் கையிலிருந்த துணியைப் பறித்தார். "நீ காட்டாட்டி நான் காட்டிறன்!" என்று மேட்டில் ஏறினார். ஏறி நின்று, அந்த ஊதாப் பூத் துணியைத் தலைக்கு மேலே பிடித்து, ஆவேசமாகச் சுற்று சுற்றென்று சுற்றினார்.

தண்டல் ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு வள்ளத்தைத் திருப்பினான். வள்ளம் நேரே கரையை நோக்கி வந்தது.

"எங்கையடா வாறீங்கள்? போங்கோடா!" என்று சம்மாட்டி இன்னும் வேகமாகச் சுற்றினார். வள்ளம் இன்னும் வேகமாக வந்தது. மணலில் வந்து முட்டியே விட்டது.

தண்டல் இறங்கினான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"திரும்பி வரச்சொல்லிக் காட்டினனீங்கள் சம்மாட்டி. வந்திட்டம்."

முதலில் சிரித்தது கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி. பிறகு கரை முழுக்கச் சிரித்தது. நடராசா மாஸ்டர் மணலில் குந்தி இருந்து கண்ணைத் துடைத்தார்.

அதற்குள் தொழுகை முடிந்து இபுறாகீம் காக்காவின் ஆட்கள் தொப்பியோடு ஓடிவந்தார்கள். கறுப்பு இன்னும் அங்கேயே நின்றது. வள்ளம் போனது, வலை விழுந்தது, கயிறு கரைக்கு வந்தது. யாருடைய வலை என்று பாராமல் கையிருந்த எல்லாரும் கயிற்றைப் பிடித்தார்கள். எங்கள் தண்டலும் பிடித்தான். வலையின் மடி கரைக்கு வந்தபோது வெள்ளிப் பாத்திரக் கடை ஒன்றைக் கவிழ்த்துவிட்டமாதிரி இருந்தது.

நான் கயிற்றைத் தொடவில்லை. மேட்டடியில் நின்றேன். சம்மாட்டி என்னைக் கடந்து போகும்போது, "நாளைக்கு நீ வரவேண்டாம்" என்றார். துணியையும் கொண்டுபோய்விட்டார்.

"ஓம்" என்றேன். கேட்டது என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போய் வேலை போன கதையைத் தவமணியிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏலாது எண்டு எத்தினை தரம் சொன்னனீங்கள்?"

"மூண்டு தரம்."

"ஆருக்கு? சம்மாட்டிக்கோ?" என்று எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்தாள். அன்று சோற்றோடு எனக்கு இரண்டு முட்டை பொரித்தாள்.

மீண்டும் மீன் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், நாலாவது தாளும் மாஸ்டருக்கே போனது.

ஐந்தாவது தாளை நசீர் விரித்தார். மூக்கைத் திருப்பாமலே வாசித்தார். "யோகராசா."

அடுத்தது யோகராசா. அதற்கடுத்தது மாஸ்டர். பிறகு யோகராசா, யோகராசா, யோகராசா. ஒரு தாளில் என் பெயர் இல்லை, "ஓமண்ணை" என்று எழுதியிருந்தது. அது செல்லுமா, செல்லாதா என்று ஒரு வாக்குவாதம். நடராசா மாஸ்டர்தான் எழுந்து, "கரையில இருக்கிற ஒருத்தருக்குத்தான் அந்தப் பேர். செல்லும்" என்றார். அந்த நேரம் அவரை எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெயரில் இன்னும் பல தாள்கள் வந்தன.

எண்ணி முடித்தபோது நான் ஏழு வாக்கால் வென்றிருந்தேன். தவமணி என் முழங்கையை விட்டுவிட்டு விசில் அடித்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் வந்து கையைப் பிடித்தார். தோற்றவர் துணை நடுவர் என்பது சங்க விதி. எனக்கு வேலை தந்தவர் என்பதால், எங்கள் சம்மாட்டி வழக்கோடு வந்தால் அதை மாஸ்டர்தான் கேட்க வேண்டும். "கதைக்க வேண்டி வந்தால் என்னைக் கூப்பிடுங்கோ, கேக்க வேண்டி வந்தால் நான் உங்களைக் கூப்பிடுறன்" என்றார்.

சம்மாட்டி கதவடியில் நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை. என்னைக் கிட்ட வரச்சொல்லித் தலையாட்டினார்.

பைக்குள் ஊதாப் பூத் துணி. தோய்த்து, மடித்து, ஸ்திரி போட்டிருந்தது.

"தண்டல் பெடியன் சொல்லிறான், உன்ர கை இல்லாமல் வள்ளம் இறக்க மாட்டானாம்" என்றார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. "நாளைக்கு முதல் பாடு எங்கட. வெள்ளன வா." கொஞ்சம் போய்த் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டார். "கீழ இறக்கினால்தானே வலை விடுவாங்கள்?"

நசீர் மேசையில் தட்டினார். மண்டபம் அமைதியானது.

கடைசியாக ஒரு சடங்கு உண்டு. தெரிவானவரிடம் செயலாளர் எல்லாருக்கும் முன்னால் கேட்பார். அவர் ஏற்றுக்கொண்டால்தான் பதவி. என்னை முன்னால் கூப்பிட்டார்கள். நான் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மைக்கை என் வாய்க்கு நேரே வைத்தார்கள். முன்வரிசையில் இபுறாகீம் காக்கா தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார்.

நசீர் தாளைப் பார்த்து வாசித்தார். "யோகராசா அண்ணை, இந்தக் கரையின்ர பாட்டு நடுவராக இருந்து, சொந்தம் பாராமல், கட்சி பாராமல், ஊர் பாராமல் வழக்குப் பேசச் சம்மதமோ?"

சிலர் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கினார்கள். பின்னால் இருந்து யாரோ, "ஓம் எண்டு சொல்லுங்கோ ஓமண்ணை!" என்று கத்தினார்கள்.

ஓம் என் நுனி நாக்குக்கு வந்துவிட்டது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"நசீர், என்ன கேட்டனீங்கள்?" என்றேன் மைக்கில். "வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

சிரிப்பு நின்றுவிட்டது. இபுறாகீம் காக்காவின் கை தாடியிலேயே நின்றது. பிறகு அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.

நசீர் முழுவதையும் மறுபடி வாசித்தார். இம்முறை ஒவ்வொரு சொல்லாக. சொந்தம். கட்சி. ஊர். நான் ஒவ்வொன்றையும் கேட்டேன். கடைசிச் சொல் முடியும் வரைக்கும் கேட்டேன்.

"ஓம்" என்றேன்.

அந்தச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இந்தத் தரம் நான் பயப்படவில்லை. இபுறாகீம் காக்கா எழுந்து நின்றார்.

"இந்த ஓம்தான்!" என்றார்.